தொண்ணூற்றாறு, முந்நூற்றுப் பன்னிரண்டாக மாறியது குறித்து

பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி இணைத்துள்ளேன். வயது அறுபத்தேழு. முன்பு தொலைபேசி நிலையத்தில் பொறியாளர். ஓய்வுக்குப் பின் ஆறு ஆண்டுகளாக ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் சோதனையாளராக இருக்கிறேன். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு என்பதால், முதலில் ஒரு வரிசை போட்டுக்கொள்ள இன்ஸ்பெக்டரிடம் அனுமதி கேட்டேன். “போட்டுக்கோங்க பெரியவரே, ஆனா அஞ்சுக்கு மேல போகாதீங்க” என்றார். அதன்படி:

1. பரிசோதகர் மீது சொல்லப்படும் புகார்.
2. இணையதளத்தில் ஒரு விவரம் எங்கே, எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பது.
3. பதிவேட்டில் நான் கண்ட மூன்று வரிகள்.
4. வியாழக்கிழமை மூன்று மணிக்குச் செய்து பார்த்தது.
5. இணையதள நிரலில் தவறான அந்த வரியை எழுதியவர் யார் என்பது எனக்குத் தெரியாது என்பது.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கும் பரிசோதகர் அம்மா, ஒரு தச்சரின் சர்க்கரை அளவைத் தொண்ணூற்றாறிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டாக வேண்டுமென்றே மாற்றினார் என்பது புகார். அந்த அறிக்கையைப் பார்த்து மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். தச்சர் வேலையிடத்தில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்து கை முறிந்திருக்கிறது. அன்று காலை வரிசையில் முந்தியதற்காகத் தச்சருக்கும் பரிசோதகருக்கும் வாய்த்தகராறு நடந்ததை நான்கு பேர் பார்த்திருக்கிறார்கள். மாற்றம் அவருடைய கடவுச்சொல்லில்தான் நடந்திருக்கிறது. ஒன்பது நாட்களாக அவருக்கு வேலை இல்லை. அவரைக் கைது செய்வதா என்பது இன்று முடிவாகும் என்று தெரிந்ததால் நானாகவே வந்தேன்.

அந்த நிலையத்தின் இணையதளத்தைச் செய்து கொடுத்தது எங்கள் அலுவலகம். ஆகவே, யார் எப்போது என்ன செய்தார்கள் என்று அது தானாகக் குறித்துவைக்கும் பதிவேட்டைப் பார்க்கும்படி மேலாளர் என்னிடம் சொன்னார். பார்த்தேன். பத்து நாற்பத்திரண்டுக்குப் பரிசோதகர் ஓர் ஆசிரியையின் பக்கத்தைத் திறந்திருக்கிறார். அதற்குப் பதினொரு வினாடி கழித்து, இரண்டாவது கணினியில் இருந்தவர் தச்சரின் பக்கத்தை, தொலைபேசி எண்ணைத் திருத்துவதற்காகத் திறந்திருக்கிறார். அதற்கு எட்டு வினாடி கழித்துப் பரிசோதகர் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று அடித்துச் சேமித்திருக்கிறார். அது ஆசிரியையின் அளவு. ஆனால் போய் உட்கார்ந்தது தச்சரின் பெயரில். சேமித்த பிறகு திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று மட்டுமே வரும், பெயர் வராது. அந்த இரண்டாவது கணினி அந்த மாதம் முதல் தேதிதான் வந்தது, அதுவரை அங்கே ஒரே கணினிதான் என்பது நினைவுக்கு வந்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர், “என்ன சார், தேள் கொட்டிடுச்சா?” என்றார்.

இந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் விளக்கம் கேட்டதால் சொல்கிறேன். ஒரு விவரத்தை மூன்று விதமாக வைத்திருக்கலாம். ஒன்று, பொத்தானை அழுத்தியது முதல் பதில் வரும் வரை மட்டும். அதன் பிறகு அது அழிந்துவிடும். இன்னொன்று, ஒருவர் உள்ளே நுழைந்தது முதல் வெளியேறும் வரை. அது அவருக்கு மட்டுமே உரியது. மூன்றாவது, சர்வர் ஓடும் காலம் முழுவதும். அது உள்ளே இருக்கும் எல்லோருக்கும் பொது. “இதை எங்க ஸ்டேஷன்ல வச்சுச் சொல்லுங்க” என்றார். இங்கே ஒருவர் நீட்டும் துண்டுச்சீட்டு முதலாவது, எழுத்தர் கையில் உள்ள குறிப்பேடு இரண்டாவது, சுவரில் உள்ள கரும்பலகை மூன்றாவது என்று காட்டினேன். ‘இப்போது திறந்திருப்பது யாருடைய பக்கம்’ என்ற விவரம் மூன்றாவது இடத்தில் இருந்தது என்றேன்.

“அப்போ அந்தம்மா நோட்டுல இருக்க வேண்டியதைப் போர்டுல எழுதி வச்சிருக்கீங்க. பக்கத்து ஆளு அதை அழிச்சுட்டு வேற பேர் எழுதிட்டான். அதானே?” என்றார். இரண்டு நாள் நான் மண்டையை உடைத்துக்கொண்டதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நான் மறுபடியும் எழுந்து நின்றுவிட்டேன். உட்காரச் சொன்னார்.

பதிவேட்டைப் பார்த்த பிறகு நடந்தது, வியாழக்கிழமை மூன்று மணிக்கு, பரிசோதனை நிலையத்தில், எங்கள் மேலாளர் முன்னிலையில். பரிசோதகரைக் கணினியைத் தொட விடவில்லை; கதவருகே கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றார். இரண்டு பொய்ப் பெயர்களைப் பதிவு செய்தேன். முதல் தடவை பெயர் மாறவில்லை. நான் ஊகித்தது அத்தனையும் பிசகு என்று நினைத்தேன். அதன் பிறகு, திறக்கும் வரிசையை மாற்றிவிட்டேன் என்று கண்டு, மேலாளரை இரண்டாவது கணினியில் உட்கார வைத்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு” சொல்லி அழுத்தச் சொன்னேன். நான் அடித்த எண் அவர் திறந்த பெயரில் போய் விழுந்தது.

“இன்னொரு தடவை பண்ணுங்க சார்” என்றார் பரிசோதகர். பதினொரு தடவை செய்தோம். பதினொரு தடவையும் மாறியது. ஆறாவது தடவைக்கு மேல் நான் சத்தமாகச் சிரித்தேன் என்று சொல்கிறார்கள். ரத்தம் கொடுக்கக் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “நம்ம கம்பெனி தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டு இப்படிச் சிரிக்கிறீங்களே” என்றார் மேலாளர். ஆனால் அவரும் சிரித்தார். பரிசோதகர் மட்டும் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தார். “யாரு சார் இதை இப்படி எழுதி வச்சது?” என்று கேட்டார். “பழைய ஆள் யாரோ, இப்ப வேலையில இல்ல” என்றேன். “யாரா இருந்தா என்ன, கண்டுபிடிச்சது நீங்க. நல்லா இருப்பீங்க சார்” என்றார்.

இதுவரை சொல்லி முடித்ததும் இன்ஸ்பெக்டர், புகார் பரிசோதகர் மீது நிற்காது என்றும், பதிவேட்டின் நகலைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார். நான் போகவில்லை. ஐந்தாவதாகச் சொன்னது தவறு. இரண்டு ஆண்டுகளுக்கு முன், அடுத்த பக்கத்துக்குப் போனால் நோயாளியின் பெயர் மறைந்துவிடுகிறது, திரும்பத் திரும்ப அடித்துக் கை வலிக்கிறது என்று இதே பரிசோதகர் எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். அலுவலகத்தில் ஆள் இல்லாததால் அந்த ஒரு வரியை நானே எழுதி, ஒரே கணினியில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இருநூற்றுப் பதினான்கு முறை சோதித்து, சரி என்று குறித்தேன். மறையாமல் இருக்க எங்கே வைப்பது என்று யோசித்தேன். யார் யார் கைக்கு அது எட்டும் என்று யோசிக்கவில்லை. மறுநாள் அவர் கூப்பிட்டு நன்றி சொன்னார்.

எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன். ஒன்று முதல் நான்கு வரை உள்ளவை நடந்தது நடந்தபடியே. ஐந்தாவதை அடித்துவிடலாமா என்று எழுத்தர் கேட்டார்; அது அப்படியே இருக்கட்டும் என்றும், திருத்தம் அதன் கீழே வரட்டும் என்றும், ஒரு நகல் பரிசோதகர் அம்மாவுக்குப் போகட்டும் என்றும் கேட்டுக்கொண்டு, யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
சோதனையாளர்