மூன்று சொட்டு வெள்ளை

என் மனைவி முனீஸ்வரிக்குத் தின்னர் வாசனை பட்டாலே தலைவலி வந்துவிடும். அதனால்தான் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்டுக்கு மாறினேன். பத்தொன்பது வருடங்களாக நாகல் நகர் வீட்டு மாடியறையில் பஸ், லாரி மாதிரிகள் செய்து ஏர்பிரஷ்ஷால் வண்ணம் அடிக்கிறேன். நிஜ வண்டியில் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவு. பஸ் முதலாளிகள் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வாங்கிப் போவார்கள். நிறத்தில் யாரும் என்னிடம் குறை கண்டதில்லை. ஒரு வண்டியை ஒருமுறை நன்றாகப் பார்த்தால் போதும், எந்த நிறம் எத்தனை சொட்டு என்று கலந்துவிடுவேன்.

அக்ரிலிக்குக்கு ஒரு குணம் உண்டு. ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு படி அடர்ந்துவிடும். அதனால் முதலில் வெள்ளை பிளாஸ்டிக் கரண்டியில் அடித்துக் காயவிட்டுப் பார்ப்பேன். நீங்கள் போலீஸோடு வந்து சோதனை போட்டு என் மேசையிலிருந்து எடுத்துப்போன இரண்டு கரண்டிகளும் அப்படிப்பட்டவைதான் ஐயா.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை வடமதுரைப் பெருமாள் கோயிலுக்கு இருவரும் ஸ்கூட்டரில் போனோம். நான்கு வழிச்சாலையில் ஒரு குட்டியானை வந்தது. மயில் கழுத்து நிறம். அந்தச் சின்ன லாரிகளில் அப்படியொரு நிறத்தை நான் பார்த்ததில்லை. முனீஸ்வரி விழுந்தாள். தலையில் அடி. கையில் பிடித்திருந்த துளசி மாலை அறுபடவே இல்லை. வண்டி இடித்துவிட்டுப் போய்விட்டது என்று போலீஸில் எழுதிக் கொடுத்தேன். நம்பர் தெரியாது, நிறம் தெரியும் என்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி நடக்கும்போது அவள் தம்பி இருளப்பன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்.

"பஸ்ஸுக்கு அம்புட்டு துல்லியமா கலரடிப்பாராம். பொண்டாட்டிய அடிச்ச வண்டியக் கண்டுபிடிக்கத் துப்பில்ல. எங்கக்கா என்ன பொம்மையா மச்சான்?"

யாரும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. ஒருவர் ரசம் கேட்டார். நான் மாடிக்குப் போய்க் கலக்க ஆரம்பித்தேன். பதினோரு கரண்டிகள் தவறின. பன்னிரண்டாவது காய்ந்தபோது, நான் பார்த்த நிறம் அதில் இருந்தது. மிச்சத்தைப் புட்டியில் ஊற்றிக்கொண்டு பூ மார்க்கெட்டுக்குப் போனேன். குட்டியானைகள் காலையில் அங்கேதான் நிற்கும்.

எட்டாவது நாள் ஈஸ்வரன் என்பவரின் வண்டியைப் பார்த்தேன். முன்கண்ணாடிக்கு மேல் பானுப்ரியா என்று எழுதியிருந்தது. ஒரு கரண்டியில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துக் கதவருகே பிடித்தேன். வித்தியாசமே தெரியவில்லை.

"என்ன சார், பொண்ணு பாக்க வந்த மாதிரி வண்டியச் சுத்திச் சுத்தி வாரீக?" என்று சிரித்தார் அவர். "எம்மக சொன்ன கலரு. மார்க்கெட்டே நக்கலடிக்குது. நீங்க ஒருத்தருதேன் ரசிச்சிருக்கீக. வாங்க, டீ குடிப்போம்."

குடித்தோம். மகள் நர்சிங் படிக்கிறாளாம். டீ தீர்வதற்குள் கரண்டி காய்ந்துவிட்டது. கதவருகே மறுபடியும் பிடித்தேன். கரண்டி ஒரு படி அடர்ந்திருந்தது. அவருடைய வண்டி நான் பார்த்த வண்டி அல்ல.

எனக்கு அலுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து புட்டியில் மூன்று சொட்டு வெள்ளை விட்டேன். இப்போது காய்ந்த கரண்டியும் ஈஸ்வரன் வண்டியும் ஒரே நிறம்.

அந்தக் குட்டியானையைச் செய்ய இருபது நாள் ஆனது. அவசரப்பட்டால் பெயின்ட் வழிந்துவிடும் என்பதால் மெல்லிசாக நான்கு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. பின்னால் பூக்கூடைகள் வைத்தேன். முன்னால் ஒற்றை முடித் தூரிகையால் பெயரை எழுதினேன். என் கையிலிருந்து வந்தவற்றில் அதுதான் சிறந்தது. இருளப்பனுக்கு ஆள் அனுப்பினேன்.

பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதானா மச்சான்?"

"நிறம் இதுதான்."

"பேரு போட்டிருக்கு. பேரையும் பாத்தீகளா?"

"வண்டின்னா பேரு இருக்கும்ல மாப்ளே."

மூன்றாம் நாள் காலை, கனகாம்பரக் கூடை இறக்கிக்கொண்டிருந்த ஈஸ்வரனை அவன் இரும்புக் கம்பியால் அடித்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவகாசம் இருக்கவில்லை. மாதம் ஒருமுறை மதுரைச் சிறையில் இருளப்பனைப் பார்க்கிறேன். "அக்கா இப்ப நிம்மதியா இருப்பா மச்சான்" என்கிறான். ஆமாம் என்கிறேன். அவன் இந்தப் பொம்மையைப் பற்றிச் சொன்னதால்தான் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். நான் யாரையும் தொடவில்லை. யாரையும் அடிக்கச் சொல்லவில்லை. இருந்தாலும் அந்த மூன்று சொட்டுகளை நான்தான் விட்டேன், தெரிந்தே விட்டேன். அதை மறைக்கவில்லை.

நேற்று ஒன்று கேட்டீர்கள். கண் மூடித் திறப்பதற்குள் கடந்துபோன வண்டியின் நிறம் எப்படி இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்று. அது அவ்வளவு வேகமாகப் போகவில்லை ஐயா. நடுத்திட்டுக்கு அந்தப் பக்கம், எதிர்த்திசையில், நிதானமாகத்தான் போனது. காலை வெயில் அதன்மேல் விழுந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். "ரோட்டப் பாருங்க" என்றாள் முனீஸ்வரி. ஸ்கூட்டரின் முன்சக்கரம் திட்டில் மோதி ஏறியபோது, நான் நீலத்தில் ஆறாவது சொட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அவளை இடித்த வண்டி இன்னும் பிடிபடவில்லை.