டாக்டர் பட்டத்துக்கு எந்தச் சீமை

அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் பசுந்தாங்கிலிருந்து வந்த டிராமில், முன் இருக்கையில் இருந்த புருஷனும் பெண்சாதியும் ரங்கூன் முழுக்கக் கேட்கும்படி பேசினால் காதை எங்கே கொண்டு வைப்பது? கப்பல் டிக்கெட் எடுக்கப் போகிறார்கள். எந்தத் தேசத்துக்கு என்பதுதான் இன்னும் தீரவில்லை. அவர் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார்.

“ஜெர்மனியில வகுப்பே கிடையாது. ஒரு புரொபசர்கிட்ட சேரணும், பௌத்த சரித்திரத்துல ஒரு புஸ்தகம் எழுதிக் கொடுக்கணும். ரெண்டு வருஷத்துல டாக்டர் பட்டம்.”

“அமெரிக்காவுல?”

“அங்க மறுபடியும் வகுப்புல உக்காரணும், பரீட்சை எழுதணும். அதுக்கப்புறம்தான் புஸ்தகம். அஞ்சு வருஷம் ஆயிடும்.”

“பாடம் சொல்றவர் ஒருத்தர்தானா?”

“ஏழெட்டுப் பேர் இருப்பாங்க.”

“அப்ப அமெரிக்காவுக்கே போங்க.”

குடை பாதி விரிந்தபடி நின்றது. “அஞ்சு வருஷம்டி. நீ இங்க தனியா இருக்கணும்.”

“தெரியுது. ஜெர்மனியில அந்த ஒருத்தர்கூடச் சண்டை வந்தா எங்க போவீங்க? எங்கப்பாகூட ஒரு மாசம் உங்களால ஒரே வீட்டுல இருக்க முடியல.”

“நான் யார்கிட்ட சண்டைக்குப் போனேன்?”

அப்போது கண்டக்டர் வந்து, குடை வழியை அடைக்கிறது, மடக்குங்கள் என்றான். அவர் எழுந்துவிட்டார். யாரைப் பார்த்துச் சொல்கிறாய், உன் துரைக்கு எழுதிப் போடுகிறேன் என்று கியாக்டடா ஸ்டாப் வரைக்கும் ஓயவில்லை. அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இறங்கும்போது அவர் குரல் தணிந்திருந்தது.

“சரி, அமெரிக்காவுக்கே எடுத்துடலாம்.”

கேட்டது கிடைத்தவள், ஐந்து வருஷம் தனியாக இருக்கப் போகிறவள், தலையை மட்டும் ஆட்டிவிட்டு அவருக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.