இல்லாத காலை ஊன்றியவர்

நான் மேற்கண்ட முகவரியில் மனைவி மக்களுடன் குடியிருந்துகொண்டு, கடைத்தெருவில் சொந்தமாகச் சைக்கிள் கடை நடத்தி வருகிறேன். வயது ஐம்பத்தாறு. போரில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்த நிதி திரட்டுவதற்காக, பட்டாளத்தில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்து நெடுந்தூரச் சைக்கிள் பயணம் கிளம்பினார்கள். வண்டிகளைப் பழுது பார்க்கும் பொறுப்பை நான் ஏற்று, உதிரிபாக வேனில் அவர்கள் பின்னாலேயே போனேன்.

வரிசையில் கடைசியாக வந்தவரை எல்லோரும் மீசைக்காரர் என்பார்கள். அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கை. அது பெடலில் வழுக்காமலிருக்க நானே வார் வைத்துக் கட்டி, நிற்கும்போது இடது காலை மட்டும் ஊன்றும்படி கடை வாசலில் பழக்கியும் விட்டேன். வழி நெடுக அப்படியே செய்து வந்தார்.

நேற்று காலை ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு வலப்புறம் ஒரு சரக்கு லாரி முன்பே வந்து, எஞ்சினை அணைத்து நின்றிருந்தது. அதுவரை முன்னால் போய்க் கையைத் தூக்கியே வரிசையை நிறுத்தி வந்த பட்டாளத்து கேப்டன், அங்கே மட்டும் பரேடில் கத்துவதுபோல் 'ஹால்ட்' என்று கத்தினார். அத்தனை பேரும் பரேடுப் பழக்கத்தில் ஒரே சமயத்தில் வலது காலை ஊன்றினார்கள். மீசைக்காரரும் ஊன்றப் போனார். கால் வாரில் இருந்தது. அப்படியே சாய்ந்து லாரிச் சக்கரத்தில் மோதி, தோள் எலும்பு முறிந்தது. அதன் பிறகு திரும்பிப் பார்த்தவர்கள் லாரி ஓட்டுநரைச் சட்டையைப் பிடித்து இறக்கினார்கள்.

"கண்ணை எங்கடா வச்சிருந்தே?"

"நின்னுக்கிட்டிருக்கிற வண்டி எப்படி சார் இடிக்கும்?"

அதை யாரும் காதில் வாங்கவில்லை. மீசைக்காரரும் லாரி இடித்ததாகவே சொல்லிவிட்டதால், ஓட்டுநரை இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுவந்து அடைத்தார்கள்.

அதன் பிறகு நான் ஆஸ்பத்திரிக்குப் போய், உள்ளதைச் சொல்லும்படி மீசைக்காரரைக் கேட்டேன்.

"என்னத்த சொல்றது முதலாளி? ஒரு சத்தத்துக்கு இல்லாத காலை ஊனி விழுந்தேன்னா? பசங்க வருஷம் முழுக்கச் சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டுமே சார். உங்க மீசை இறங்காம இருக்க, அந்த ஆளு உள்ள கிடக்கணுமா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதைச் சொல்வதால் பட்டாளத்து வியாபாரம் கைவிட்டுப் போகலாம். போனால் வேறு பிடித்துக்கொள்வேன். என் வாரும் அறுந்துபோகவில்லை, அந்த லாரியும் அசையவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மீசைக்காரர் தோளில் கட்டுடன் வந்து, ஓட்டுநர் நிற்கும் கம்பிக் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். அடுத்து தன் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளச் சொல்கிறார்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் கண்டது இவ்வளவே, கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

(ஒப்பம்)
சைக்கிள் கடை உரிமையாளர்