நொச்சியாறு எங்கே போகிறது?

விழா மேடையின் நடுநாயகமாக வீற்றிருந்து, இவன் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட ஊராட்சி மன்றத் தலைவர், மாண்புக்குரிய அம்மையார் சுந்தராம்பாள் அவர்களே! முன்வரிசை நாற்காலிகளை முழுமையாக வென்றெடுத்து அமர்ந்திருக்கும் மூத்த பெருமக்களே! பிள்ளையை ஒரு கையிலும் பிள்ளையின் பிஸ்கட்டை மறு கையிலும் பிடித்தபடி பொறுமைக்கே பொறுமை கற்பிக்கும் தாய்மார்களே! பருத்திக் காட்டிலிருந்து கால் கழுவாமல் நேரே இங்கு வந்திருக்கும் உழவர் குலத் தோழர்களே! அனைவருக்கும் ஊற்றடிப்பட்டி அய்யாக்கண்ணுவின் அன்பு வணக்கம்.

எனக்குச் சால்வை போர்த்தினீர்கள். சந்தன மாலை சூட்டினீர்கள். எதற்காக? பெரம்பலூர் தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் இருபத்தேழு ஆண்டுகளாக மனு எழுதிப் பிழைக்கிறேனே, அந்தக் கையால் நம் ஊருக்காக எழுதிய ஒரு மனுவுக்காக! "பச்சைமலைப் பாறை இடுக்கில் குடிச்சான் பள்ளம் என்னும் கொடும் பள்ளம் ஒன்று, எங்கள் நொச்சியாற்றைக் குடித்துக் குடித்துக் கொழுக்கிறது, அதன் வாயைக் கான்கிரீட்டால் அடைத்து, எங்கள் ஏரியின் வயிற்றை நிறைத்தருள்க" என்று எழுதினேன். என்ன தமிழ்! என்ன எதுகை! படித்த அதிகாரி மயங்கிவிட்டார். உத்தரவு வந்துவிட்டது. நாளைக் காலை ஏழு மணிக்குச் சிமெண்ட் வண்டி மலையேறுகிறது.

அன்பர்களே, நான் நன்றி சொல்ல இங்கு ஏறவில்லை. அந்த வண்டியை நிறுத்தச் சொல்லி உங்கள் காலில் விழ ஏறியிருக்கிறேன்.

இருங்க, இருங்க. சத்தம் போடாதீங்க. குடிச்சுட்டு வந்து பேசலை. பின்னாடி யாரோ கேட்டது காதில் விழுந்தது. காலையிலிருந்து கேணித் தண்ணியைத் தவிர வேறெதுவும் தொடலை!

முதலில் ஒரு கேள்வி. நொச்சியாறு எங்கே பிறக்கிறது? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒருவருமில்லை. ஐம்பத்து நான்கு வயது வரை எனக்கும் தெரியாது. பன்னிரண்டு கிலோமீட்டர் கூட நீளமில்லாத ஆறு அது. இந்த ஊரில் பிறந்து, இந்த ஆற்றைப் பற்றிப் பதினான்கு மேடைகளில் பேசி, அதன் தலையையும் பார்த்ததில்லை, பள்ளத்தையும் பார்த்ததில்லை! பார்க்காத பள்ளத்தை மூடச் சொல்லி மனு எழுதிய மகாபுத்திசாலி உங்கள் முன்னால் மாலையோடு நிற்கிறேன். சிரிங்க, நல்லாச் சிரிங்க. எனக்கும் வேணும்.

இந்தத் தையில், போன வாரம், வேலை நடக்கும் இடத்தை மனுதாரர் நேரில் வந்து காட்ட வேண்டும் என்று பொறியாளர் கூப்பிட்டார். ஏறினேன். மலை முதுகில், மூங்கில் புதர்களுக்கு நடுவே, கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும் ஒரு சதுப்பு. அதுதான் நொச்சியாற்றின் தொட்டில். ஊசி நூல் போலக் கசிகிறது. கொஞ்சம் இறங்கினால் கடுக்காய் மரங்களுக்கு அடியில் வடக்கிலிருந்து ஓர் ஓடை வந்து சேர்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் மரவள்ளிக் கொல்லைகளைச் சுற்றிக்கொண்டு தெற்கிலிருந்து இன்னோர் ஓடை. மூன்றும் சேர்ந்ததும் அதற்கு ஒரு மிடுக்கு வருகிறது பாருங்கள்! பாறையில் பாய்கிறது, பள்ளத்தில் பதுங்குகிறது, பலாமரத்து வேரைப் பற்றிப் பற்றி இறங்குகிறது. இரண்டு ஆள் உயரத்துக்கு அருவியாகவும் விழுகிறது. விழுந்து நூறு அடி கூட ஓடவில்லை ஐயா. ஒரு பெரும் பாறைக்கு அடியில் போகிறது. போனதுதான். அந்தப் பக்கம் வெறும் மணல்! ஆறு எங்கே? அள்ளிக் குடித்த ஆறு எங்கே? நான் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். குனிந்து காதை வைத்துக் கேட்டேன். கடகடவென்று உள்ளே இறங்கும் ஓசை மட்டும் கேட்டது.

பள்ளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு. வாசலில் பூங்காவனம் என்ற அம்மாள், மலைக்காரர், சாமை குத்திக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்குங்க இதைப் போய் மூடுறீங்க?" என்றார். 

"தண்ணி வீணாப் போவுதும்மா" என்றேன், மேடைக் குரலில்.

"எங்கங்க போவுது?"

"அது தெரியாது."

உலக்கையை நிறுத்தினார். "எங்க போவுதுன்னே தெரியாம, வீணாப் போவுதுன்னு எப்படிங்க எழுதுனீங்க?"

தாய்மார்களே, இருபத்தேழு ஆண்டுகளில் எத்தனை தாசில்தார் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்டிருப்பார்கள்! இப்படி ஒரு கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. வெட்கமாகிவிட்டது. பேச்சை மாற்ற, "குப்பையெல்லாம் எங்கம்மா கொட்டுவீங்க?" என்று எதையோ கேட்டுவைத்தேன்.

"குப்பை என்னங்க குப்பை, உமிதான். பள்ளத்துலதான் கொட்டுவோம். எங்க மாமியா காலத்துலேர்ந்து அப்படித்தான். எங்க போயிச் சேருதோ, யாரு கண்டா!"

உமி! சாமை உமி!

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம் ஊரில் மக்காச்சோளம் உண்டு, பருத்தி உண்டு, வெங்காயம் உண்டு. சாமை உண்டா? ஒரு குழி நிலத்திலாவது உண்டா? ஆனால் ஆண்டுதோறும் தை பிறந்தால் நம் ஊற்றுக்கேணியில் என்ன மிதக்கிறது? "அம்மன் உலை வைக்கக் குத்துறா, உமி வந்துருச்சு" என்று சொல்லித் துணியில் வடிகட்டி, பிள்ளைகள் நெற்றியில் ஒட்டிக் குலவை போடுகிறோமே, அது என்ன உமி? யார் வீட்டு உமி? கொட்டுகிறவர்களுக்குப் போகும் இடம் தெரியாது. கும்பிடுகிறவர்களுக்கு வரும் இடம் தெரியாது. இரண்டு பேரையும் இத்தனை காலமும் ஒருவர் கூட உட்கார வைத்துப் பேசியதில்லை!

சும்மா சொன்னால் நம்புவீர்களா? நானே நம்பவில்லை. ஒரு மூட்டை உமியை மஞ்சள் போட்டு வேகவைத்தோம், நானும் பூங்காவனம் அம்மாளும். வீடு முழுக்க மஞ்சள்; என் வேட்டியும் மஞ்சள். வெள்ளிக்கிழமை காலை பள்ளத்தில் கொட்டினோம். இங்கே என் மனைவி மேகலா கேணியடியில் காவல். சனிக்கிழமை போன் செய்தேன், "ஒண்ணுமில்லீங்க." ஞாயிற்றுக்கிழமை, "ஒண்ணுமில்லை, மலையில குளிருல உட்கார்ந்து என்னத்தைப் பண்ணுறீங்க, வூட்டுக்கு வாங்க." அப்பாடா, நம் மனு பிழைத்தது என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி கூட வந்தது. உண்மையைச் சொல்கிறேன், வந்தது. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"ஏங்க! கேணி பூரா மஞ்சளா மிதக்குதுங்க!"

அன்பர்களே! திங்கட்கிழமை கேணியில் நீங்களும் கண்ட மஞ்சள் அதுதான். அந்தப் பள்ளம் நொச்சியாற்றைக் குடிக்கவில்லை. பாறை வெடிப்புகளின் வழியே, மூன்று நாள் நடத்தி, இருளிலேயே இட்டுவந்து, நம் கேணியில் விடுகிறது. முந்நூற்று நாற்பது வீடு குடிக்கும் தண்ணீர் அது. சுற்றுப்பட்டில் எல்லா ஊருக்கும் டேங்கர் லாரி வந்த பஞ்ச வருஷத்திலும் வற்றாத தண்ணீர் அது! அதன் தொண்டையில் கான்கிரீட்டை ஊற்றுங்கள் என்று கேட்டது யார்? பக்கத்து ஊர்க்காரனா? பகையாளியா? நாம்! தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்கள். நாம் அதற்கும் மனு போட்டு, மண்ணுக்குப் பதில் சிமெண்ட் கேட்டு வாங்கியிருக்கிறோம்! 

என்ன அரியமுத்து? எழுந்து நின்னே பேசு, எல்லாருக்கும் கேக்கட்டும்.

"அப்ப ஏரி? பள்ளத்தை அடைச்சா ஏரி நெரம்பும்னு நீதானய்யா சொன்ன? அதை நம்பித்தான நான் கையெழுத்துப் போட்டேன்?"

நான்தான் சொன்னேன். கேட்டீர்களா, ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவனின் கேள்வி இது. இதற்கு எதுகை மோனையில் பதில் கிடையாது. அடைத்தால் ஏரி நிறையும், அரியமுத்து. அடைக்காவிட்டால் பெருமழை பெய்து பள்ளம் வழிந்தால்தான் ஏரிக்குத் தண்ணீர். உன் பருத்தி இனியும் வானத்தைப் பார்த்துத்தான் நிற்கும். அதற்கு என்னிடம் மாற்று இல்லை. உனக்கு ஆசை காட்டியது நான். எனக்கு அது வலிக்கிறது. ஆனால் ஏரி நிறைந்து கேணி வற்றினால், உன் வீட்டு அடுப்பில் ஏற்ற ஒரு குடம் தண்ணீருக்கு எங்கே போவாய்? நான் எங்கே போவேன்? இந்தத் தாய்மார்கள் எங்கே போவார்கள்? 

பொறியாளரிடம் நேற்றே பேசிவிட்டேன். "ஊரே சேர்ந்து வேண்டாம்னு எழுதிக் குடுத்தா, காலையில வண்டியைத் திருப்பிடுறேன். உங்க ஒருத்தர் பேச்சை மட்டும் வச்சு முடியாதுங்க" என்றார். நியாயம். ஆகவே புது மனு எழுதி வந்திருக்கிறேன். படிக்கிறேன், கேளுங்கள்.

"ஐயா, குடிச்சான் பள்ளத்துத் தண்ணீர்தான் எங்கள் ஊர்க் கேணிக்கு வருகிறது. அது தெரியாமல் முன்பு தவறாக எழுதிவிட்டோம். பள்ளத்தை மூட வேண்டாம்."

அவ்வளவுதான்.

அரியமுத்து, ஏன்யா மேடைக்கு ஏறி வர்ற? அடிக்கப் போறியா? 

"நகருய்யா. முதல் கையெழுத்து யாரு போடுறது? இவ்வளவு சின்னதா எழுதியிருக்கியே, ஆபீசுல நம்புவாங்களா?"

நம்புவாங்க. நீ போட்டா நம்புவாங்க.

போட்டுவிட்டான், அன்பர்களே! ஒன்றரை ஏக்கர்க்காரன் போட்டுவிட்டான்! தலைவர் அம்மையாரும் கைக்கடிகாரத்தை மறந்து எழுந்து நிற்கிறார். என் பிழையைப் பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், கேள்வி கேட்டு என்னைக் காப்பாற்றிய மலைமகள் பூங்காவனத்துக்கும், எதிர்த்துப் பேசிய அரியமுத்துவுக்கும் நெஞ்சார நன்றி. தள்ளாமல் வரிசையில் வாருங்கள், தாய்மார்கள் முதலில். பேனா ஒன்றுதான் இருக்கிறது. வணக்கம்.