காக்காப்பொன் கூடு

— செம்பைக் கையில குடுத்துட்டு நிக்கிறீங்க. பதுளையில இருந்து ஹாலிஎலைக்கு, எங்க அப்பா வீட்டுக்குத் தண்ணியா கொண்டு வந்தீங்க?

— உள்ள பாரு அன்னம். கல்லுப்புழு. நம்ம சாயப்பட்டறைக்குப் பின்னால, ஆத்துல, துவைக்கிற கல்லுக்கு அடியில எடுத்தது. கூட்டோட உசிரா இருக்கு.

— அட! நாற்காலிய விட்டு எறங்காத மனுசர் ஆத்துல குனிஞ்சு கல்லப் புரட்டினீங்களாக்கும்?

— சிரி, சிரி. உங்க வீட்டுலதான் கல்லப் புரட்டிப் பாக்காம குடிக்கத் தண்ணி மொள்ள மாட்டீங்களே. கல்லுப்புழு இருந்தா நல்ல தண்ணி, செம்புழு நெளிஞ்சா கெட்ட தண்ணி. கல்லுப்புழு திரும்பி வந்தாத்தான் நம்ம வீட்டுப் படி ஏறுவேன்னு நீதான சொன்னே?

— சொன்னேன். அந்தத் தண்ணியக் குடிச்சு வயித்தால போயி, புள்ள வாடின கீரையா கெடந்தான். வேற என்ன சொல்றது?

— இப்ப எப்படி இருக்கான்?

— நடக்கிறான். கண்ணுல படுற ஆம்பளை எல்லாரும் அவனுக்கு அப்பாதான். நேத்து தபால்காரரக் கூப்பிட்டான்.

— அப்படிச் சொல்லாத அன்னம்.

— நடந்ததச் சொல்றேன். மாமா ஆத்துல சாயத்தண்ணி விடுற அந்தப் பட்டறை வாய்க்கால மூடிட்டாரா?

— மூடாமயா புழு வரும்?

— இருங்க, வெளிச்சத்துல வச்சுப் பாக்குறேன்... ஏங்க, இந்தப் புழு தன் பக்கத்துல கெடக்கிற மணலத்தான் ஒட்டிக் கூடு கட்டும். நம்ம ஆத்துத் துறையில செங்கல் தூளும் அடுப்புக்கரியும்தான். இதுல கண்ணாடிச் சில்லு மாதிரி காக்காப்பொன் மின்னுது. இது எங்க ஊர்ப் பாலத்தடி மணலு.

— செம்பக் குடு அன்னம், அந்தப் பக்கம் வச்சிடுறேன்.

— வர்ற வழியில பொறுக்கினீங்களா? மழுப்பாம சொல்லுங்க.

— அப்பாதான் சொன்னாரு. 'தர்மலிங்கம், நாம வாய்க்கால மூடினா, ஊர்த் தண்ணியக் கெடுத்தது இந்த ராமாமிர்தம் வீட்டுச் சாயம்னு நாமளே தமுக்கடிச்ச மாதிரி. அவளுக்குப் புழுதானே வேணும்? பொறுக்கிக் கொண்டு போய்க் காட்டு'ன்னாரு.

— நீங்களும் தலையாட்டினீங்க.

— அவர எதுத்து ஒரு வார்த்த பேசியிருக்கேனா நான்? அடுப்படிப் பக்கம் போக முடியல அன்னம். உன் சேலை இன்னும் கொடியிலயே தொங்குது. எடுக்க மனசு வரல.

— எனக்கு மட்டும் என்னவாம்? வண்டி மாட்டு மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுறேன். ஆனா புள்ளய அந்தத் தண்ணிக்குத் திரும்பக் கொண்டு போக மாட்டேன். வீட்டோட மாப்பிள்ளைன்னு ஊரு சிரிக்குமேன்னு நீங்களும் இங்க தங்க மாட்டீங்க. போங்க, பொழுது சாயுறதுக்குள்ள வண்டியத் திருப்பச் சொல்லுங்க.

— இந்தப் பொய்ய நீ கண்டுபிடிச்சிரணும்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டேதான் வந்தேன். வண்டியப் பாலத்துலயே திருப்பி அனுப்பிட்டேன் அன்னம். என் துணிப்பெட்டிய நானே தலையில தூக்கிட்டு வந்து உங்க வாசல்ல வச்சிருக்கேன்.