எஸ்தரக்கா ஏறிப் போன படிகள்

"பூட்ட ஒடைக்கறேன்! கதவாண்ட நிக்காத!"

எஸ்தரக்கா வெளியே. நான் உள்ளே. இரும்பில் இரும்பு மோதுகிறது. டங். டங். தெருவில் இன்னொரு குண்டு. முதலில் விசில் போல ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு தரை ஆடுகிறது.

தென் லெபனான். செப்டம்பர். திங்கள்கிழமை, பட்டப்பகல். நான் செல்வி. களமருதூர்க்காரி. வீட்டுவேலைக்குப் போனவள். முதலாளி குடும்பம் காலையிலேயே காரில் கிளம்பிவிட்டது. நாயைத் தூக்கிக்கொண்டார்கள். நாய்க்குத் தீனியும் எடுத்துக்கொண்டார்கள். என்னை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.

எஸ்தரக்கா மேல்மாடியில் வேலை செய்தாள். கல்வராயன் மலை, கரியாலூர். சாமை விதைக்கிற குடும்பம். அவள் முதலாளிகளும் ஓடிவிட்டார்கள். அவசரத்தில் பூட்ட மறந்தார்கள். அவள் நேரே தெருவுக்கு ஓடியிருக்கலாம். என் கதவுக்கு வந்தாள்.

துணி காயப்போடும்போதெல்லாம் அவளுக்குப் பரலோகப் பேச்சுதான். எனக்கு எரிச்சல் வரும்.

"இங்க நமக்குக் காஞ்ச ரொட்டி. அங்க தங்கத் தெரு இன்னாத்துக்குக்கா?" என்றேன் ஒருமுறை.

"தங்கத்த எவ கேட்டா? அங்க வாசலச் சாத்தறதே இல்லயாம்டி. எவளும் உள்ள மாட்டிக்கினு கெடக்க மாட்டா. அதுக்குத்தான் ஏங்கிக்கினு கீறேன்."

பூட்டு விழுகிறது. கையைப் பிடித்து இழுக்கிறாள். படிகள். புகை. சாக்கடைக் குழாய் உடைந்து தண்ணீர் படியெல்லாம் ஓடுகிறது. மூன்றாம் மாடியில் தட்டும் சத்தம். பூட்டிய இன்னொரு கதவு. உள்ளே ஒரு பெண். எங்களுக்குப் புரியாத மொழியில் கத்துகிறாள்.

எஸ்தரக்கா என்னைத் தெருவாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஓடு! செவுத்தோரமா ஓடு! நான் அவளத் தொறந்துவுட்டு வரேன்!"

"போவாதக்கா! சாவப் போறியா?"

"சாவணும்னு யாருடி ஆசப்பட்டா? ஓடு!"

திரும்பி ஏறினாள். நான் தெருமுனை திரும்பினேன். விசில். திரும்பிப் பார்த்தேன். கட்டடம் இருந்த இடத்தில் தூசி.

ஊர் வந்து சேர்ந்தேன். கரியாலூரில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து போதகர் வந்தார். மைக் பிடித்தார்.

"சகோதரி ஆசைப்பட்டதைக் கர்த்தர் கொடுத்துவிட்டார். பாக்கியவதி. யாரும் அழக் கூடாது. அழுவது அவிசுவாசம்."

எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. குண்டு போட்டவன், பூட்டிவிட்டுப் போனவன், அத்தனை பேரையும் ஒரே மூச்சில் விடுதலை செய்துவிட்டார்.

எஸ்தரக்காவின் அம்மா எழுந்தாள்.

"ஐயா, அங்க நம்ம கண்ணீரயெல்லாம் அவரே தொடைப்பாருன்னு நீங்கதான சொன்னீங்க. இப்ப அழுவக் கூடாதுன்னா அவரு எதத் தொடைப்பாரு? எம் பொண்ண மறுபடி பாக்கணும், அதுக்குத்தான் எனக்கு அங்க போவணும். அவளக் கொன்னதுக்கு நல்ல பேரு வெக்காதீங்க."

சொல்லிவிட்டு அழுதாள். சத்தமாக. போதகர் உட்கார்ந்துவிட்டார். நானும் அழுதேன். நான் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஆனால் அப்படி ஓர் இடம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அன்றுதான் எனக்கும் ஏக்கம் பிடித்தது. இந்த உலகம் அவ்வளவு அருவருப்பாக இருந்தது.

இழந்தவை.

எஸ்தர். உடல் கிடைக்கவில்லை.

என் இடது காது. கேட்காது.

மூன்றாம் மாடிப் பெண். பெயர் தெரியாது. நாடு தெரியாது. அவளுக்கு எந்த ஊரில் யார் அழுகிறார்கள் என்று தெரியாது.

அவளையும் சேர்த்து எண்ணுங்கள்.