டிட்டிலியாவுக்குச் சேர வேண்டிய மீன்

கிட்ட வந்து பாயில் உட்காருங்கள், கண்ணுகளா. மரவள்ளி வெந்துகொண்டிருக்கிறது. அது இறங்குவதற்குள் ஒரு மீனின் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நீங்கள் கேட்க வந்ததும் அதுதானே.

என் மகள் டிட்டிலியா பிரசவத்தில் போனாள். வயிற்றுப் பிள்ளை வெளியே வரவே இல்லை. எங்கள் ஃபிஜி வழக்கப்படி, அவள் துக்கத்துக்காகக் குடும்பத்துப் பவளத்திட்டை மூடினோம். துக்கம் தீரும்வரை அங்கே யாரும் வலை போடக் கூடாது, கால் நனைக்கவும் கூடாது.

அப்போதுதான் டென்மார்க்கிலிருந்து யெஸ்பர் வந்தார். மீன்களை இனம் பிரித்துப் பெயர் வைக்கிறவர். நாங்கள் இடித்துக் குடிக்கும் கவா வேரைக் காணிக்கையாக என் முன் வைத்து முறையாக அனுமதி கேட்டார். திட்டின் நடுக்குழியில் விரல் நீள மீன் ஒன்று ஒளிந்திருக்கிறதாம். முட்டையிடாதாம், குட்டி போடுமாம். ஆண் மீனின் உறுப்பைப் பார்த்தால்தான் இன்ன இனம் என்று சொல்ல முடியுமாம்.

என் நாத்தனார் லைசானி விடவில்லை. "இதப் பாக்கவா இத்தன தூரம் வந்தே? எங்க ஊர் ஆம்பளைங்களையும் ஒரு தடவ பாத்து இனம் பிரிச்சுக் குடுத்துட்டுப் போப்பா."

அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"புது இனமா இருந்தா உங்க பொண்ணு பேரையே வெக்கிறேம்மா," என்றார். "அச்சுல ஏறிட்டா அப்புறம் யாராலயும் மாத்த முடியாது."

அந்த ஒரு பேச்சுக்காகத் துக்கம் முடியுமுன்னே திட்டைத் திறந்தேன். ஊரில் பாதிப் பேர் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். அவர் மீனைக் கொல்லும் கொடிவேரை நசுக்கி, அதன் வெள்ளைப் பாலை ஒரே ஒரு கிண்ணம் குழியில் ஊற்றினார். மிதந்ததில் சிலதை எடுத்துக்கொண்டு, "போதும்மா. இந்தக் குழிய விட்டா இது வேற எங்கயும் இல்ல போல," என்றார்.

மறு வருஷம் வந்தார். கைப்பேசியில் ஒரு பச்சைக் குழந்தையைக் காட்டினார்.

"எனக்குப் பொண்ணு பொறந்திருக்கும்மா. சிக்னே. மீனுக்கும் அவ பேரையே வெச்சுட்டேன்."

"டிட்டிலியா பேரு?"

"அடுத்த மீனுக்கு வெச்சுடலாம்மா."

தேநீர் கொடுத்தேன். பெயரை மாற்ற முடியாது, அவரே சொன்னது. மீன் எங்கள் திட்டில்தான் இருந்தது.

விடிந்து நீர் வற்றியதும் வேரைக் கூடையோடு கொண்டுபோனேன். குழி முழுக்க வெளுக்கும்வரை நசுக்கிப் பிழிந்தேன். முதலில் ஆண் மீன்கள் மிதந்தன. பிறகு வயிறு உப்பிய பெண் மீன்கள். அவை சாகும்போதே குட்டிகளைத் தள்ளின. அரிசிமணி அளவு. ஒவ்வொன்றும் கொஞ்சம் நீந்திப் பார்த்தது. அதுவும் நிற்கும்வரை காத்திருந்தேன். இடுக்குகளில் கைவிட்டுத் துழாவினேன். அடுத்த முறை நீர் வற்றியபோதும் வேரோடு போனேன்.

யெஸ்பர் குழி ஓரத்தில் மண்டியிட்டிருந்தார். "ஏம்மா?" என்றார்.

"உன் மகளுக்குப் பேர் இருக்குல்ல, தம்பி. அத வெச்சுக்க."

கோபத்தில் செய்துவிட்டாள் என்கிறது ஊர். கோபமெல்லாம் இல்லை. மகளுக்குச் சேர வேண்டியதை மகளிடம் அனுப்பினேன், அவ்வளவுதான். அந்தக் குட்டிகளைப் பார்த்தபோது எனக்கு வேறு எந்த நினைப்பும் வரவில்லை.

மரவள்ளி வெந்துவிட்டது, சாப்பிட்டுப் போங்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் சுகமாகப் பெற்றெடுக்கட்டும். பிள்ளைகள் உயிரோடு வெளியே வரட்டும்.